குழாயில் கேட்ட குரல்

மேடையில் ஒரு பெண்கூட இல்லை.

அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். டிரம்ஸுக்குப் பின்னால் ஒருவர். கீபோர்டில் ஒருவர். தபேலா, கிடார். முன்னால் நாற்காலி போட்டு, கோட்டு அணிந்த மூன்று கிழவர்கள்.

உள்ளே அலங்காரம் நடக்கிறதோ என்னவோ. எழுபதைத் தாண்டிய பாடகிக்கு நேரம் ஆகத்தானே செய்யும்.

“வருவாளாண்ணே?”

“யாரு?”

“மேகலா.”

அண்ணன் வேலாயுதம் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மேடையைப் பார்த்தான். மீசைக்குள் எதையோ அடக்கிக்கொண்டான்.

“வராமயா? அவ இல்லாம கச்சேரியா?”

வெண்ணிலா மெல்லிசைக் குழுவுக்கு ஐம்பதாவது ஆண்டு. கல்யாண மண்டபத்தில் விழா. அண்ணன்தான் போன் செய்து வரச் சொன்னான். அவள் பஸ் மாறி மாறி வந்திருந்தாள், இருப்பதில் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு.

இந்தக் குழுவை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

கேட்டிருக்கிறாள்.

பங்குனித் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் வருவார்கள். வயசுக்கு வந்த பிள்ளை பந்தலுக்குப் போகக் கூடாது. அது அப்பாவின் சட்டம். அண்ணன் போவான், முன்வரிசையில் உட்காருவான். அவள் மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் வழியாகப் பாட்டு வரும்.

“அடுத்து, உங்கள் அபிமானப் பாடகி, செல்வி மேகலா!”

உடனே விசில். சிரிப்பு. கூச்சல்.

அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் ஒருத்தி. விசிலுக்குப் பயப்படாமல் தொண்டையைத் திறந்தாளே. வரியின் முடிவில் குரலை லேசாக உடைத்துச் சேர்ப்பாள். விம்மலை விழுங்கியதுபோல் இருக்கும்.

மறுநாள் அண்ணனைப் பிடித்துக்கொள்வாள்.

“என்ன சேலைண்ணே?”

“மாம்பழக் கலரு.”

“பூ?”

“கனகாம்பரம். ஒரு பந்து முழுசா வச்சிருந்தா.”

“பயப்படவே இல்லையா?”

“அவளா? எங்களையில்ல பயமுறுத்துனா!”

அவனுடைய கூட்டாளிகள் வாசலில் நின்று சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்து அவள்தான். பாட்டு வாத்தியார் வீட்டுக்கே வந்தார். நல்ல குரல், மேலே கற்றுக்கொள்ள அனுப்புங்கள் என்றார். அப்பா காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார். அன்றைக்குத்தான் அவள் எதிர்த்துப் பேசினாள். மேகலாவும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே என்றாள்.

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அப்பாவைப் பார்த்தான்.



தை பிறந்ததும் கல்யாணம். வேறு ஊர்.

என்ன செய்ய. பாத்திரம் துலக்கும்போது பாடினாள். ஈரத்துணி பிழியும்போது பாடினாள். மேகலா மாதிரியே, வரி முடிவில் உடைத்துச் சேர்த்து. மேகலா இந்நேரம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பாள். கல்யாணம் கட்டியிருப்பாளா? கட்டியிருக்க மாட்டாள் என்று ஒருநாள் இவளே முடிவுசெய்தாள்.

மனசு கசந்த நாட்களில் அதை எடுத்து நினைத்துக்கொள்வாள். நான் போகாவிட்டால் என்ன. ஒருத்தி போனாள்.

அதை வைத்துத்தான் அப்பாவைக்கூட மன்னித்திருந்தாள்.

“அடுத்து…” அறிவிப்பாளர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். “உங்கள் அபிமானப் பாடகி, செல்வி மேகலா!”

மண்டபம் முழுக்க விசில்.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மேடையின் பக்கக் கதவைப் பார்த்தாள்.

நடு நாற்காலிக் கிழவர் எழுந்தார். வழுக்கை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வெட்கப்படுவதுபோல் விரலைக் கடித்துக் காட்டினார். கூட்டம் அதிர்ந்தது.

பெண்குரலில் பாடினார்.

குரலுக்கு வயதாகியிருந்தது. வரி முடிவில் உடைந்தது. சேர்ந்தது.

அவள் கைகள் மடியில் கிடந்தன.

பாட்டை முடித்துவிட்டு மைக்கிலேயே மூச்சு வாங்கினார் கிழவர். “அந்தக் காலத்துல குழுவுக்கு ஒரு பொண்ணு கெடைக்கலய்யா. ஏறி எறங்காத வீடில்ல. ஒருத்தரும் அனுப்பல. கெடைச்சிருந்தா நான் எதுக்குப் பொம்பளக் கொரல்ல பாடப்போறேன்?”

சிரிப்பு.

அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவள் பக்கம் திரும்பியதும் நிறுத்தினான்.

“ஏ தாயி… இன்னுமா நம்பிக்கிட்டு இருந்த? ஞானமுத்து அது. ஊருக்கே தெரியுமே. நான் வெளாட்டுக்குல்ல சொன்னேன்.”

“அப்பாவுக்கும் தெரியுமா?”

“தெரியாம? வருசா வருசம் அவருக்குப் பொன்னாட போத்துனதே அப்பாதான.”

அறிவிப்பாளர் மேடையின் ஓரத்துக்கு வந்தார். பாடத் தெரிந்த பெண்கள் யாராவது இருந்தால் மேலே வரலாம் என்றார்.

அண்ணன் முழங்கையால் இடித்தான். “போயேன். இப்ப யாரு வேண்டாம்னா?”

அவள் வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

அவளுக்குத் தெரிந்தது ஒரு குரல்தான். அது கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து சுடிதார் போட்ட ஒருத்தி ஓடிப்போய் ஏறினாள். செல்போனைப் பார்த்துப் பார்த்துப் பாடினாள். சுருதி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். யாரைப்போலவும் இல்லை.

“ஐயே, காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்துறாளே,” என்றான் அண்ணன். “இதுக்கு நம்ம மேகலாவே தேவல. எந்திரி, பந்திக்குப் போவோம்.”

“நீ போ.”

அண்ணே என்று சேர்க்கவில்லை.

மேடையில் அந்தப் பெண் ஓரிடத்தில் தப்பாகப் பாடிவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, எல்லாரும் பார்க்க, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.