பைசா செலவில்லாத மானிட்டர்

அக்காவின் மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மீதி ஆள் உள்ளே ஒட்டடையோடும் ஒயரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அந்த மருந்து மொத்த வியாபார அலுவலகத்தில் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

காரணப் பெயர்தான். வருகிற பில்லெல்லாம் அவனுடைய திரையில் விரியும். அவன் உரக்க வாசிக்க வாசிக்க, பக்கத்து மேஜை அக்கா தன் திரையில் பதிவு செய்வார். வாயில் நுழையாத மாத்திரைப் பெயர்களை அவன் ஏற்ற இறக்கத்தோடு சொல்வதைக் கேட்க, டெலிவரிக்கு வருகிறவர்கள் சில சமயம் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

அவனுக்கு இருந்த ஒரே குறை மானிட்டர். ஒரு பில்லை வாசித்துக்கொண்டே, சரக்குப் பட்டியலைத் திறந்து குறியிட்டு, மறுபடி பில்லுக்கு வருவதற்குள் எங்கே விட்டோம் என்பது மறந்துபோகும். அக்காவின் விரல்கள் அந்தரத்தில் காத்திருக்கும். இன்னொரு மானிட்டர் இருந்தால் ஒன்றில் பில், ஒன்றில் பட்டியல் என்று ஜமாய்த்துவிடலாம்.

ஆனால் கேட்க வேண்டியது மேனேஜரிடம். செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்ததிலிருந்து மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. டீயோடு வந்துகொண்டிருந்த பிஸ்கட் நின்றது. பாதி டியூப்லைட்டுகள் கழற்றப்பட்டன. மின்விசிறியைப் போடச் சொல்வதற்கு முன்னால் அவரவர் நெற்றியில் வியர்வை இருக்கிறதா என்று அவர் பார்ப்பதாகக்கூட ஒரு பேச்சு.

ரேடியோவோ இன்னும் தற்காலிக ஊழியன். வேலையை நிரந்தரமாக்குவதா இல்லையா என்பது மாதக் கடைசியில்தான் தெரியும். அந்தக் கடிதம் கைக்கு வந்தால்தான் பெண்ணுக்கு நல்ல பள்ளிக்கூடம் என்று மனைவி சொல்லியிருந்தாள். அதையே அவன் மலைபோல நம்பியிருந்தான்.

மானிட்டர் பேச்சை அவன் மெல்ல எடுத்ததுமே மேனேஜர் கையை உயர்த்திவிட்டார்.

"புதுசா வாங்கற பேச்சே கூடாது தம்பி. இருக்கறத வச்சு செஞ்சு காட்டுங்க. பலன் தெரிஞ்சா அப்புறம் யோசிக்கலாம்."

அந்த 'யோசிக்கலாம்' அவனுக்குப் போதுமானதாக இருந்தது. வேலை கிட்டத்தட்ட நிரந்தரமான மாதிரிதான் என்று வீட்டில் போய்ச் சொல்லியும்விட்டான்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அவனுடைய கம்ப்யூட்டர் ஆதிகாலத்தது. பின்பக்கம் ஒரே ஒரு மானிட்டரைத்தான் சொருக முடியும். அக்காவினுடையதில் இரண்டுக்கு இடம் இருந்தது. செய்து காட்டத்தானே கேட்கிறார், எங்கே செய்தால் என்ன என்று தன் மானிட்டரையே கழற்றித் தூக்கிக்கொண்டு அக்காவின் மேஜைக்கு வந்துவிட்டான்.

"உன் மேஜைய மொட்டையா விட்டுட்டு வந்துட்டியே தம்பி, பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு" என்றார் அக்கா.

"கொஞ்ச நேரம்தாங்க்கா. அப்புறம் பாருங்க, நமக்குக் கிடைக்கற மரியாதைய."

கேபிளின் திருகாணி ஒன்று எப்போதோ காணாமல் போயிருந்தது. ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினான். உயரம் பற்றாமல் மானிட்டருக்கு அடியில் காலி மருந்துப் பெட்டியை வைத்தான். மேனேஜர் வந்து பின்னால் நின்றபோது இரண்டு திரையும் பளிச்சென்று எரிந்தன. இரண்டிலும் ஒரே படம்.

"ஒண்ணையே ரெண்டு தடவ பாக்கறதுக்கா இவ்வளவு பாடு?" என்றார் மேனேஜர்.

ரேடியோ அசரவில்லை. இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தி எதையோ தேர்ந்தெடுத்தான். திரை அகன்று, இடது பக்கம் தனி, வலது பக்கம் தனி என்று பிரிந்தது. அவனுக்கு வருகிற பில்களை அக்காவின் கம்ப்யூட்டரிலேயே திறந்து இடது பக்கம் வைத்தான். பதிவுப் படிவம் வலது பக்கம் நின்றது. "ஓட்டிப் பாருங்கக்கா" என்று நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டான்.

அக்கா முதலில் தயங்கினார். பிறகு கண் இடப்பக்கமும் விரல் கீபோர்டிலுமாக வேலை சூடுபிடித்தது. பில் மேல் பில்லாகப் பதிவாகிக்கொண்டே இருந்தது. கீபோர்டின் சடசடப்பைத் தவிர அறையில் சத்தமே இல்லை. டெலிவரிக்கு வந்த ஒருவர் வாசலில் எட்டிப் பார்த்தார். கேட்பதற்கு ஒன்றும் இல்லாததால் நிற்காமல் போய்விட்டார். ரேடியோ கையைக் கட்டிக்கொண்டு, ஓட்டப் பந்தயத்தில் தன் பெண் ஓடுவதைப் பார்ப்பது போலப் பூரித்து நின்றான்.

"செலவு?" என்று கேட்டார் மேனேஜர்.

"பைசா கிடையாது சார்."

தப்பு ஏதாவது வந்ததா என்று அக்காவிடம் விசாரித்தார். ஒன்றுகூட இல்லை, வழக்கத்தைவிட வேகமாகவே போகிறது என்று அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

மேனேஜர் சிரித்தார். பிஸ்கட்டை நிறுத்திய அன்று சிரித்ததற்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறார். ரேடியோவின் முதுகில் தட்டிக்கொடுத்து, இது அவனுடைய யோசனை என்று பேரைப் போட்டே மேலிடத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். ரேடியோவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தனக்கு ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு மானிட்டரும் எப்போது வரும் என்று கேட்க வாயைத் திறந்தான்.

அதற்குள் மேனேஜர் அவனையும், அவனுடைய மொட்டை மேஜையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஆமா, இவ்வளவு நேரமும் உங்களுக்கு யாரும்மா பில்லப் படிச்சா?"