ஞானதாஸின் கொன்றை மரம்

காதுகுத்து அன்று பரிமளா வீட்டில் இருந்தவர்கள்: பரிமளா, அவள் புருஷன் வரதன், தாய்மாமன் சீர் கொண்டுவந்த அவள் தம்பி சுப்பிரமணி, ஊரைக் கூட்டி அழுத குழந்தை, பக்கத்து வீட்டு ஞானதாஸ்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் வாங்கிய தங்கத் தோடு ஒரு காதில் ஏறியது. அடுத்த காதுக்கு டப்பாவைத் திறந்தால், காலி. பரிமளா எல்லோரையும் சட்டைப்பையைக் கவிழ்க்கச் சொன்னாள். வரதன் வாய் நிறைய லட்டோடு கவிழ்த்துக் காட்டினான். விழுங்கி முடித்ததும் மச்சானிடம் திரும்பினான்.

"ஒத்தத் தோடு வாங்கியாந்துட்டு சீராம்! நீயெல்லாம் இன்னா மாமன்டா?"

சுப்பிரமணி சாப்பிடாமல் போய்விட்டான். குழந்தையின் இன்னொரு காதில் வேப்பங்குச்சி ஏறியது.

மறுநாள் காலை பரிமளா வேலியோரம் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒங்க மரத்துக் காய் ரெண்டு வேணும்."

"சரக்கொன்னையா? அதுல வெசம் கீதும்மா. கொட்டைய மென்ன ஆடு நாலு நாள் எழுந்துக்கல."

"தெரியும்ணா."

"யாருக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்கு. இன்னிக்கே வேல முடியணும்."

ஞானதாஸ் முடியாது என்றார். அவள் கீழே கிடந்த இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அவருக்கு நாஷ்டா இறங்கவில்லை. வரதன் போனால் போகட்டும், அப்படியொன்றும் உத்தமன் இல்லை. ஆனால் எட்டு வருஷம் தண்ணீர் ஊற்றி, போன வருஷம்தான் முதல்முதலாகப் பூத்த மரம். கொலைக்கருவி என்று போலீஸ் வெட்டிக்கொண்டு போனால்? மரத்தில் ஏறி மிச்சக் காய்களைப் பறித்துக் கொல்லையில் புதைத்தார்.

மத்தியானம் வேலிக்கு அப்பால் வரதன் அலறினான்.

"ஐயோ, உசுரு போவுதே! வெசம் வெச்சிட்டாடா!"

ஞானதாஸ் வேலியைத் தாண்டினார். வேட்டி முள்ளில் மாட்டியது. அதை அங்கேயே விட்டுவிட்டு டவுசரோடு ஓடினார்.

"வரதா, நான் குடுக்கலடா! அவளா பொறுக்கிக்கினு போனா! போலீஸ் கேட்டா மரத்துப் பேர மட்டும் இழுக்காதடா!"

வரதன் காதில் எதுவும் விழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக் கக்கூஸுக்குப் பறந்தான். பரிமளா அங்கே முன்னாடியே நின்றிருந்தாள்.

"லட்டோட முழுங்கின தோடு கைக்கு வந்ததும் தட்டு, தொறக்கறேன்," என்று மாவுச் சல்லடையை அவன் கையில் திணித்து, உள்ளே தள்ளி, கதவை வெளியே பூட்டினாள்.