மூன்றாவது மெடல்

“என் பேரு சின்னதா இருக்கே!”

பெரிய டாக்டர் மெடலைத் திருப்பி நீட்டியதும் செதுக்குகிறவருக்குச் சுருக்கென்றது. போன வாரமும் இதையே சொல்லித்தான் ஒன்றைத் திருப்பினார்.

ஐம்பது வருஷம் வைத்தியம் பார்த்த மனிதர். ஆஸ்பத்திரியே விழா எடுத்து மெடல் போடுகிறது. முகம் அச்சிலேயே விழுந்துவிடும். சுற்றி வரும் பேரை மட்டும் உளியால் கையில் வெட்ட வேண்டும். அதில் இந்தச் செதுக்குகிறவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

“முதல் எழுத்து நல்லாத்தான் இருக்கு. போகப் போகத் தேஞ்சு, கடைசி எழுத்து எறும்பு மாதிரி ஆயிடுது.”

“இடம் பத்தல சார்.”

“இவ்ளோ இடம் காலியாக் கிடக்கே?”

கிடந்தது.

“இன்னொண்ணு வெட்டுங்க. இங்கேயே உட்கார்ந்து பார்க்கறேன்.”

மெருகு போட்டுக்கொண்டிருந்த மனைவியின் காதருகே இவர் குனிந்தார். “பார்த்தியா, எண்பது வயசுலயும் மனுஷனுக்குப் பேரு பெருசா வேணுமாம்!”

“மெல்லப் பேசுங்க, காதுல விழப்போகுது.”

“கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றார் டாக்டர்.

மனைவி எழுந்தாள்.

“நீங்க இரும்மா. அவரே கொண்டு வரட்டும்.”

என்ன திமிர்! முணுமுணுத்துக்கொண்டே உள்ளே நடந்துபோய்க் கொண்டுவந்து வைத்தார். டாக்டர் ஒரு வாய்தான் குடித்தார்.

எழுத்து சிறுக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது மெடலை வெட்டினார். டாக்டர் வைத்த கண் வாங்காமல் இவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்து லென்ஸில் பார்த்தால், கடைசி எழுத்து மறுபடியும் எறும்பு!

முதல் தடவையாக இவருக்குப் பயம் வந்தது. தொழில் போய்விட்டதா?

டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தப்பு உங்க மேல இல்ல. தண்ணிக்குப் போனப்போ பார்த்தேன், நடக்கும்போது உங்க வலது கை வீசவே இல்ல. எழுத்தும் தானாச் சின்னதாகுது. நரம்பு வியாதியோட ஆரம்பம் மாதிரி தெரியுது. முதல் மெடல்லயே சந்தேகம்தான். நிச்சயமாத் தெரியாம உங்களைப் பயமுறுத்தக் கூடாதேன்னு திரும்பத் திரும்ப வெட்டச் சொன்னேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. இப்பவே மருந்து ஆரம்பிச்சா இன்னும் பல வருஷம் உளி பிடிக்கலாம்.”

மனைவி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரைப் பற்றிப் பேசிய பேச்செல்லாம் இவர் நெஞ்சில் குத்தியது.

“மெடலை வேற யார்கிட்டயாவது குடுத்து வெட்டிக்குங்க சார்.”

“எதுக்கு? விழாவுல இதைத்தான் போட்டுக்கப் போறேன்.”

“பார்க்கறவங்க என் வேலையைக் கேவலமாப் பேசுவாங்களே சார்?”

டாக்டர் மூன்றாவது மெடலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே எழுந்தார்.

“பேரு சின்னதா இருந்தாப் போதும்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்னு சொல்லிக்கறேன்.”