சொந்த முகம்

சௌந்தரவல்லிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊரில் எல்லோரையும் போலவே, இளம்வயதிலிருந்து சுருக்கத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுத் தன் முகத்தை இருபத்தெட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். தாடையில் கட்டி தட்டுப்பட்டபோது எடுத்த ஸ்கேனில் கன்னமெல்லாம் ஒளிர்ந்தது.

"இதுல எது ஃபில்லர், எது கேன்சர்னு பிரிச்சுப் பாக்க முடியலைங்க. முழுசாக் கரைச்சுட்டு வாங்க" என்றார் டாக்டர்.

கரைத்தாள். கன்னங்கள் தொங்கிவிட்டன. மறு ஸ்கேன் முடிவு வந்ததும், ஹெல்சிங்கியில் இருக்கும் மகள் இசைவாணியை வீடியோவில் அழைத்தாள்.

"யாருங்க நீங்க? எங்கம்மா எங்கே?"

"நான்தான் கண்ணு."

குரலைக் கேட்டு மகள் திகைத்தாள். பிறந்ததிலிருந்து அவள் அறிந்த அம்மா அந்த இளம் முகம்தான். சற்று நேரம் பார்த்துவிட்டுக் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதம்மா. கேமராவ ஆஃப் பண்ணிட்டுப் பேசு."

சௌந்தரவல்லி அப்படியே செய்தாள்.

"கேன்சர் இல்லையாம் கண்ணு."

திரையில் மகள் விம்மி அழுதாள். பிறகு கண்ணீரோடு சிரித்தாள். சௌந்தரவல்லியும் முகம் மலரச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அதைப் பார்க்க அந்த வீட்டில் யாரும் இல்லை.