மைனா பனியன் கார்

மண்ணரை தாரணி இதுவரை மூன்று கார் ரேஸ் ஓட்டியிருந்தாள். மூன்றிலும் கார் குட்டிக்கரணம் போட்டது. மூன்று முறையும் கீறல்கூட இல்லாமல் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். டிவிக்காரர்கள் ஜெயித்தவனை விட்டுவிட்டு, இவள் கவிழ்ந்ததையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். இப்படிப்பட்டவளுக்கு எவர் ஸ்பான்சர் செய்வார்?

மைனா பனியன் கம்பெனி முதலாளி அர்த்தநாரி முன்வந்தார்.

"காரை ரெண்டு நாள் என்ற கம்பெனில உடுங்க அம்மிணி. விளம்பரத்த நானே எழுதித் தர்றேன்."

திரும்பி வந்த காரில் கதவு, கூரை, பானெட் எங்கேயும் ஓர் எழுத்துகூட இல்லை.

"ஏனுங்ணா, எழுதவே இல்லீங்களா?"

"அதெல்லாம் டிவில நல்லாத் தெரியுமுங்க. நீங்க எப்பவும் போல ஓட்டுங்க, போதும்."

சும்மா சமாளிக்கிறார், விளம்பரம்கூடக் கேட்காத தெய்வம் என்று உருகிப்போனாள் தாரணி. இந்த மனிதருக்காகவாவது ஜெயித்தே தீருவது என்று வெறி வந்துவிட்டது. ரேஸ் அன்று வளைவுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். கார் ஆடியது, குலுங்கியது, ஆனால் கவிழவில்லை. முதலாவதாக வந்துவிட்டாள்!

கோப்பையோடு துள்ளிக்கொண்டு அவரிடம் ஓடினாள். அர்த்தநாரியின் முகம் சாயம்போன பனியன் மாதிரி இருந்தது.

"ஏனுங்ணா, ஜெயிச்சுட்டனுங்க!"

"சந்தோசமுங்க அம்மிணி..." என்று இழுத்தவர், காருக்கு அடியில் கையைக் காட்டினார்.

தாரணி தரையோடு படுத்து எட்டிப் பார்த்தாள். வண்டியின் அடிவயிறு முழுக்கச் சிவப்பு எழுத்துகள் மின்னின:

'மைனா பனியன்! எத்தனை முறை கவிழ்ந்தாலும் கிழியாது!'