முகாம் பிள்ளைகள் போட்ட ரோடு

ஏம்பலம் வயல்களுக்கு நடுவே தனித்துக் கிடந்த குடிசைகளுக்கு, சேவை முகாமுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் மண்ரோடு போட்டு முடித்தார்கள். செம்மண்ணும் மதியச் சோறும் மிராசுதார் தணிகைவேல் கொடுத்தது.

குடிசைக்காரர்கள் முகத்தில் சிரிப்பே இல்லை. ஒரு வாய் தண்ணீர்கூடத் தரவில்லை. மண் சுமந்து கை கொப்புளம் போட்டிருந்த முகாம் மாணவி மெஹர் நிஷாவுக்கு ஆத்திரமாக வந்தது. பானைகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்த கலியம்மாளிடம் கேட்டே விட்டாள்.

"இன்னாக்கா, ரோடு வந்ததுல உங்களுக்குச் சந்தோஷமே இல்லியா?"

"காலி பண்ணுங்கன்னு மிராசுதாரு மெரட்டிக்கினே இருந்தாரும்மா. வூட்ட இடிக்கிற வண்டி உள்ள வர வழியில்ல. அதனாலதான் இத்தினி நாளு தப்பிச்சோம்."

மெஹர் நிஷா ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

ரோட்டு முனையில் புல்டோசர் உறுமிக்கொண்டு திரும்பியது. புது ரோட்டில் முதல் வண்டி வருகிறதென்று மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.