மச்சான் இறக்கிய ட்ரோன்

"ஸ்கிரீனைப் பார்த்துத்தான் இறக்கணும். ஜன்னல் பக்கம் தலை திரும்புச்சுன்னா அப்பவே அவுட்!" என்றார் மேனேஜர்.

ஜன்னலில் கனத்த திரைச்சீலை தொங்கியது. அதற்கப்புறம் ஜெனரேட்டர் இரைச்சல் வேறு. இதில் எங்கே திரும்பி எதைப் பார்ப்பதாம்? அவள் ரிமோட்டை எடுத்தாள். எதிரே சுவர் முழுக்க ஸ்கிரீன். கஸ்டமர் யாராவது வந்தால் மேனேஜர் தன் லேப்டாப்பிலிருந்து பழைய வீடியோக்களைப் போட்டு அசத்துவது இதில்தான்.

பைலட் வேலை ஒன்றே ஒன்று. போட்டிக்கு இரண்டு பேர். இரண்டு வருடமாக ட்ரோன் பெட்டியைத் தூக்கி, துடைத்து, சார்ஜ் போட்டு வரும் அசிஸ்டென்ட் அவள். இன்னொருவன் மேனேஜர் மனைவியின் தம்பி. சேர்ந்து ஒரு மாதம்கூட நிறையவில்லை. ஆபீஸில் அவனுக்குப் பெயரே மச்சான்தான். இன்று கோட்டைவிட்டால், நாளை முதல் அவள் மச்சானுக்குப் பெட்டி தூக்க வேண்டும்.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஹெட் ஆபீஸிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மேனேஜர் அவரிடம் மூச்சுவிடாமல் குறை பாடிக்கொண்டிருந்தார்.

"இருந்தது ரெண்டு பேட்டரி மேடம். ஒண்ணு போன வாரம் பலூன் மாதிரி வீங்கிப்போய் மணல் வாளியில கிடக்கு. மிச்சம் இருக்கற ஒண்ணை வச்சுத்தான் பொழப்பு ஓடுது. புதுசுக்குச் சீக்கிரம் சொல்லிவிடுங்க. இன்னிக்கு ரெண்டு பேருக்கும் அதுவே தாங்கும், கவலைப்படாதீங்க."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "பார்த்தும்மா. உங்க வீட்ல சைக்கிளுக்கு மேல யாராவது எதையாவது ஓட்டியிருக்காங்களா?"

"எங்கப்பா லாரி ஓட்றார் சார். பின்னாடி எடுக்கறப்போ கண்ணாடியைப் பார்த்துத்தான் எடுப்பார். இதுவரைக்கும் ஒரு சுவரையும் இடிச்சதில்ல."

ஹெட் ஆபீஸ் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், சுண்ணாம்பில் போட்ட வட்டத்துக்குள் இறக்க வேண்டும். ட்ரோன் மேலே ஏறியதும் வட்டம் மாத்திரை அளவுக்குச் சுருங்கியது. கேமராவுக்கு உயரம் தெரியாது. தரை பத்தடியில் இருந்தாலும் ஓரடியில் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அவள் தரையில் ட்ரோனின் நிழலைத் தேடிப் பிடித்தாள். நிழல் கிட்டே வர வர, தரையும் கிட்டே வருகிறது என்று அர்த்தம். நடுவில் காற்று ஒரு தள்ளு தள்ளியது. வட்டம் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போக, இழுத்துப் பிடித்தாள். டொக்கென்று ஓர் ஆட்டம். படம் அசையாமல் நின்றது.

"அடடா, கோட்டு மேலயே உட்கார வச்சுட்டியேம்மா!" மேனேஜர் உச்சுக்கொட்டினார். ஆனால் பல்லெல்லாம் தெரிந்தது.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"வெளியே சார்."

"போ, போ. அழுது முடிச்சு முகத்தைக் கழுவிட்டு வா. இந்தப் பொம்பளைங்களோட இதான் தொல்லை மேடம்."

மச்சான் களுக்கென்று சிரித்தான்.

"நானும் பொம்பளதான்," என்றார் ஹெட் ஆபீஸ் அம்மா.

அவள் முகம் வியர்த்துத் திரும்பி வந்தபோது, மேனேஜர் லேப்டாப் அருகே நின்றிருந்தார். மச்சான் கையில் ரிமோட். ஸ்கிரீனில் மைதானம் எங்கோ அடியாழத்தில் தெரிந்தது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

"என்ன, அழுதாச்சா? வந்து பார்த்தாவது கத்துக்கோ," என்றார் மேனேஜர்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பையை மடியில் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

மச்சான் சூயிங்கம் மென்றபடி விரல்களை அசைத்தான். வட்டம் விரிந்துகொண்டே வந்தது. நடுவைவிட்டு நூலளவும் நகரவில்லை. ஆட்டமில்லை, அசைவில்லை. பட்டும்படாமல் வந்து அமர்ந்தது.

"முட்டையைக் கட்டி இறக்கியிருந்தாக்கூட உடைஞ்சிருக்காது!" ஹெட் ஆபீஸ் அம்மா கைதட்டினார்.

"பிறவித் திறமை மேடம்! ஒரே மாசத்துல இப்படி! இவளும்தான் ரெண்டு வருஷமா இருக்கா. விழலுக்கு இறைச்ச தண்ணி."

ஹெட் ஆபீஸ் அம்மா அவளைப் பார்த்தார். "நீ ஏதாவது சொல்லணுமாம்மா?"

"ரொம்ப அழகா இறங்குச்சு மேடம். ஒண்ணே ஒண்ணுதான். யார் இறக்கினாங்களோ அவங்களேதான் உடனே போய் பேட்டரியைக் கழட்டிட்டு வரணும். சார் போட்ட ரூல். சுவத்துல எழுதியே ஒட்டியிருக்கார்."

"பார்த்தீங்களா மேடம், தோத்தாலும் என் ரூலை மறக்கல!" மேனேஜர் பூரித்துப்போனார். "ஓடு மாப்ளே, போய்க் கழட்டிட்டு வா."

மச்சான் சோம்பல் முறித்தபடி எழுந்தான்.

"அவர் எதுக்கு சார் வெயில்ல அலையணும்?" என்றபடி அவள் பைக்குள் கைவிட்டு, இன்னும் சூடு ஆறாத பேட்டரியை எடுத்து ஹெட் ஆபீஸ் அம்மாவின் முன்னால் வைத்தாள். "நான் இறக்கினதுமே போய்க் கழட்டிட்டு வந்துட்டேன்."